‘ம்’ சொன்னவள்

ரெக்கார்டரின் பொத்தான்களுக்கு நடுவில் உப்பு பூத்திருக்கிறது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. உப்பளத்துக்கு எடுத்துப் போகும்போது பிளாஸ்டிக் பையில் போட்டு வை என்று நான் கத்துவேன். பை சரசரக்கும், பதிவு கெட்டுப்போகும் என்று நீ அதை உருவி வெளியே எடுத்துவிடுவாய். கடைசியில் உன் பேச்சுதான் நடக்கும். நேற்று இதைத் தூக்கிக்கொண்டு தனியாக மரக்காணம் போய்வந்தேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம் புத்தகம் அச்சுக்குப் போகப்போகிறது. உப்பளப் பெண்கள் கதை சொல்லும் நடையைப் பற்றி நீயும் நானும் எழுதிய கட்டுரைகள் முன்பகுதியில், அவர்கள் சொன்ன கதைகள் சொன்னது சொன்னபடி பின்பகுதியில். அந்தக் கதைகளுக்குள் நீ போட்ட ‘ம்’களை எல்லாம் எடுத்துவிடலாமா என்று பதிப்பாசிரியர் கேட்டிருந்தார். இந்த வாரத்துக்குள் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் உன்னிடம் கேட்காமல் நான் எடுக்க வேண்டியிருந்த முதல் முடிவு அதுதான்.

அந்த ‘ம்’ நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். கள ஆய்வுப் பயிற்சியில் நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்: ஒருவர் பேசும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, தலையை மட்டும் ஆட்டுங்கள், பதிவு சுத்தமாக இருக்கும். முதல் நாள் நாம் இருவரும் நல்ல பிள்ளைகளாக வரப்பில் உட்கார்ந்து தலையை ஆட்டினோம். அஞ்சலையக்கா பாத்திக்குள் நின்று, நமக்கு முதுகைக் காட்டியபடி, பலகையால் உப்பை வாரிக்கொண்டே பேசினார். கோடையில் திடீரென்று மழை அடித்த ஒரு நாளைப் பற்றிக் கேட்டிருந்தோம். “மழ வந்துச்சு. தார்ப்பாய் போட்டோம். காத்து தூக்கிடுச்சு. உப்பெல்லாம் கரைஞ்சிடுச்சு. அவ்ளோதாம்மா,” என்று முடித்துவிட்டார். நாம் இன்னும் பலமாகத் தலையை ஆட்டினோம். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் திரும்பினார்.

“கேக்குறீங்களா, தூங்குறீங்களா?” என்றார்.

பிறகு அவரே விளக்கினார். வரிசையாகக் குனிந்து உப்பு வாரும்போது ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாது. தலையை ஆட்டினால் யார் பார்ப்பது? வாய்விட்டு ‘ம்’ கொட்டினால்தான் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வெயிலில் யாராவது மயங்கிச் சாய்ந்தால்கூட அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். “‘ம்’ நின்னுடுச்சுன்னா திரும்பிப் பாப்போம்,” என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். நீ குறிக்கவில்லை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பின் விளிம்புக்கு நகர்ந்து, “மழ எந்தப் பக்கத்துலேர்ந்துக்கா வந்துச்சு?” என்று முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

அதே மழை அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் பெய்தது. நாலு வாக்கியத்தில் கரைந்துபோன உப்புக்குள்ளிருந்து அவருடைய மாமியார் எழுந்து வந்தார். தார்ப்பாயின் ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டு, காற்றோடு போய், வரப்பைத் தாண்டி விழுந்து, எழுந்து உட்கார்ந்து, “உப்பு போனா போவுது, என் சுருக்குப் பைய தேடுங்கடி” என்று அவர் கத்திய இடத்தில் நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நீ சொன்ன அந்த ‘ம்’ கொஞ்சம் நடுங்குகிறது. இன்றைக்கும் பதிவில் கேட்கலாம்.

உன்னைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள். நம் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் நீ இருந்தால் மற்றவர்கள் டீ குடிக்கத்தான் வாயைத் திறக்க முடியும். உன் ஊரான கூனிமேட்டிலிருந்து புதுச்சேரி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்குவதற்குள் அவர் மகளுக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவாய். அப்படிப்பட்ட நீ, அத்தனை மணி நேரப் பதிவிலும் கேள்வி கேட்ட இடம் தவிர வேறெங்கும் ஒரு முழு வார்த்தை பேசவில்லை. கேள்விகளையும், பதிவைக் கேட்டுப் பிரதி எழுதும்போது நீயே வெட்டிவிட்டாய். ‘ம்’ மட்டும் மிஞ்சியது.

அதை வைத்துக்கொண்டுதான் என்னோடு எத்தனை சண்டை போட்டாய். அவர்கள் வாக்கியம் லேசில் முடியாது; போயி, பாத்து, வாரி, கொட்டி, மூடி என்று ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வினைகள் போய்க்கொண்டே இருக்கும். அது சொல்பவரின் தனிநடை என்று நான் எழுதியிருந்தேன். நீ என் பக்கத்தின் மேல் பென்சிலால் ஒவ்வொரு வினைக்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்துக் காட்டினாய். எல்லாப் புள்ளியிலும் உன் ‘ம்’ இருந்தது. அது விழாத இடத்தில் வாக்கியம் பொசுக்கென்று முடிந்திருந்தது. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் விவசாயம் செய்பவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சொன்ன கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். அங்கே முகம் தெரிகிறது, ‘ம்’ குறைகிறது, வாக்கியமும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. “பாதி நடை கேக்கறவளோடதுடி,” என்றாய். உன் ‘ம்’க்கு நீயே அகராதி போடப்போகிறாயா என்று நான் கிண்டல் செய்தேன். கட்டை ‘ம்’, இழுத்த ‘ம்’, கேள்வி ‘ம்’ என்று நிஜமாகவே குறியீடு போட்டு வைத்திருந்தாய்.

அதற்குப் பிறகு கதைப் புத்தகங்கள் படிப்பதும் உனக்குக் கஷ்டமாகிவிட்டது. எந்த நாவலிலாவது ஒரு பாத்திரம் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் எங்கே என்று தேடுவாய். “ரெண்டு பக்கமா பேசறான். கேக்கறவன் உயிரோட இருக்கானா இல்லையான்னே தெரியல,” என்று சலித்துக்கொள்வாய். கேட்பவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பதாக ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இவருக்குக் கதை சொல்ல ஆள் இருந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாய். வட்டார மொழி என்றால் சொற்களையும் விகுதிகளையும் எண்ணுவது என்று நினைத்திருந்த எனக்கு, கதையில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையே நீதான் காட்டினாய்.

நீ போன பிறகு நான் உன்னைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கல்லூரியில் கேட்டார்கள், என் வீட்டில் கேட்டார்கள். “வயித்துல கட்டி. லேட்டா தெரிஞ்சுது. போயிட்டா,” என்பேன். அதற்கு மேல் வராது. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நல்லவர்கள்தான்.

பதிப்பாசிரியரும் நல்லவர்தான். பக்கத்துக்குப் பக்கம் ‘ம்’ வந்து படிப்பவரை இடறுகிறது, கட்டுரையில் ஒரு தடவை விளக்கிவிட்டால் போதாதா என்றுதான் முதலில் கேட்டார். தேவை என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஆய்வுக்குத் தேவைன்னு வெக்கிறீங்களா, அவங்களுக்காக வெக்கிறீங்களா?” என்றார்.

அன்று சாயங்காலம் அஞ்சலையக்காவின் மழையை எடுத்து, ‘ம்’களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் ஓடியது. அழகாகக்கூட இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆய்வு கெட்டுப்போனதற்கான அழுகையா, உன் குரல் போனதற்கான அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடிந்திருந்தால் அப்போதே அவருக்குப் போன் செய்திருப்பேன். வெறும் பாசத்துக்காக வைத்தேன் என்றால் நீயே என்னைத் திட்டுவாய். தேவையானதை அழகுக்காக அழித்தேன் என்றாலும் திட்டுவாய். அதனால்தான் நேற்று மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன். அக்காவை இன்னொரு கதை சொல்லவைத்து, இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பது என்று திட்டம். கூனிமேடு வந்தபோது உன் வீட்டுத் தெருவைப் பார்க்காமல் வலது பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டம் அஞ்சலையக்காவின் முதல் கேள்வியிலேயே போய்விட்டது. “இன்னா டீச்சரம்மா, தனியா வந்துருக்கீங்க? அந்தம்மா எங்க?” என்றார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

“தவறிட்டாக்கா,” என்றேன்.

அவர் வாயில் கை வைக்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வரப்பில் கிடந்த இன்னொரு பலகையை எடுத்து நீட்டினார். “எறங்கி வா,” என்றார். அதுவரை என்னை அவர் ஒருமையில் கூப்பிட்டதில்லை. சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். இருவரும் குனிந்து வார ஆரம்பித்தோம். எனக்கு வாரத் தெரியாது. வெறுமனே தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

“சொல்லு,” என்றார்.

வயிற்றில் கட்டி என்றேன். “ம்,” என்றார். லேட்டாகத் தெரிந்தது என்றேன். “ம்,” என்றார். வழக்கமாக அங்கேதான் முடிந்துவிடும். நேற்று முடியவில்லை. நான் புதுச்சேரியிலிருந்து வாரா வாரம் கூனிமேட்டுக்கு வந்து, உன் தலைமாட்டில் உட்கார்ந்து, பிரதியைப் படித்துக் காட்டி, நீ திருத்தம் சொன்னதை எழுதிக்கொண்டு, பிறகு நீ திருத்தம் சொல்ல முடியாமல் போய், நான் சும்மா கல்லூரிக் கதை பேசி, நீ கண்ணை மூடிக்கொண்டு ‘ம்’ மட்டும் சொல்லி, அந்தக் கடைசிச் சாயங்காலம் வரைக்கும் எங்கும் நிற்காமல் ஒரே வாக்கியமாகப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து ‘ம்’ வந்துகொண்டே இருந்தது.

“புதுசா வந்த பிரின்சிபால பத்தி அவகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேங்கா. பாதியில ‘ம்’ நின்னுடுச்சு. தூங்கிட்டான்னு நெனச்சேன்,” என்றேன்.

பக்கத்தில் பலகைச் சத்தம் நின்றது. அஞ்சலையக்கா நிமிர்ந்து என் பக்கம் திரும்பியிருந்தார்.

“திரும்பிப் பாத்தியா?”

“பாத்தேங்கா. மூச்சு இருந்துச்சு. போர்வைய இழுத்து வுட்டேன். கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் பஸ் ஏறினேன். காலைல தொழுகைக்கு முன்னாடி அவ தம்பி போன் பண்ணான், அக்கா மௌத்தாயிட்டாங்கன்னு.”

“பாத்தல்ல, அது போதும்,” என்றார். “பேச்சுக் கேட்டுக்கிட்டேதான தூங்கியிருக்குது. அந்தம்மாவுக்கு அது புடிக்குமே.” பிறகு மறுபடி குனிந்தார். “அப்புறம்?”

அப்புறம் உன் வீட்டுப் பெண்கள் என்னை அவர்கள் நடுவில் உட்காரவைத்ததைச் சொன்னேன். உன் அம்மா என் கையை விடாமல் பிடித்திருந்ததைச் சொன்னேன். ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்று சொன்னேன். அழுதேன். அழுகைக்கும் ஒரு இழுத்த ‘ம்’ வந்தது. உன் குறியீட்டில் அது இருக்கிறது. கதை முடிந்தபோது பாத்தியின் மூலைக்கு வந்திருந்தோம்.

ரெக்கார்டரை நான் போடவே இல்லை. போட வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது நம் தொழில் புத்தி விடவில்லை. நான் பேசியதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். போயி, உக்காந்து, படிச்சி, எழுதி என்று நான் போன அந்த நீளம், என் பிறவி நடை இல்லை. நான் பேசினாலும் எழுதினாலும் வெட்டு வெட்டாகத்தான் வரும் என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். கல்லூரியில் எல்லோரிடமும் முடிந்துபோன வாக்கியம் அந்தப் பாத்தியில் முடியாமல் போனதற்குக் காரணம் பக்கத்தில் குனிந்திருந்தவள். பாதி நடை கேட்பவளுடையதுதான். இதற்கு மேல் எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் பதிப்பாசிரியருக்குப் போன் செய்தேன். ஒரு ‘ம்’கூடப் போகக் கூடாது என்றேன். ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழேயும் சொன்னவர் பெயரோடு கேட்டவர் பெயரும் வர வேண்டும் என்றேன். அவர் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னேன்: ஆய்வுக்குத் தேவை. அவளுக்காகவும்தான். சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சரி மேடம் என்றார்.

இதை எழுதும்போது பார்க்கிறேன். வாக்கியங்கள் மறுபடி குட்டை குட்டையாக வருகின்றன. அது இனி அப்படித்தான் இருக்கும் போல. ஆனால் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்திப் பழகியிருக்கிறேன். அந்த இடத்தில் நீ சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டுதான் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறேன்.