விளக்கு வைத்த பிறகு வந்தவனுக்கு

திருப்பருத்திக்குன்றம்,
காஞ்சிபுரம்.
14-11-1969

என் கண்ணு ரிஷபதாசுக்கு, அம்மா மனசார வாழ்த்தி எழுதுவது. பகவான் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், பூனாக் குளிர் உனக்கு ஒத்துக்குதா, மார்சளி விட்டுதா. உன் தங்கை குணமாலாவுக்கு ரெண்டாவதும் பொண்ணு, மூக்கு அப்படியே உன்னுது. அப்பாவுக்குப் பெரிய காஞ்சிபுரம் போய்க் கண்ணாடி மாத்திக்கினு வந்தோம், அதைப் போட்டு முதல்ல படிச்சது உன் கடுதாசிதான். நீ கிறிஸ்தவனாகிக் குருமடத்துக்குப் போனதிலிருந்து உன் பேரையே எடுக்காத மனுஷன், எனக்குக் கேக்கறாப்பல சத்தமாப் படிச்சாரு.

உங்க வேதம் தெரியாதவங்களுக்கு நல்லது கெட்டது எப்படித் தெரியும்னு நான் குத்தலாத்தான் கேட்டிருந்தேன். நீ கோவிச்சுக்காம எழுதியிருக்கே, கடவுள் அந்தச் சட்டத்தை எல்லார் மனசுலயும் எழுதி வச்சிருக்காரு, அதை வாசிக்கத்தான் மனுஷனுக்குப் புத்தி, எந்த மதத்துக்காரனும் வாசிக்கலாம்னு. அப்பா அந்த வரியை ரெண்டாந்தரம் படிச்சாரு. அப்புறம், எழுதினது யாருன்னு அவன்கிட்ட அப்புறமா சண்டை போட்டுக்கறேன், எழுத்து இருக்கறது நிஜந்தான்னாரு. எனக்குப் போன பங்குனியில நீ வந்த நாள் ஞாபகம் வந்துட்டுதுப்பா.

ரயில் லேட்டாகி, பஸ்ஸை விட்டுட்டு, நடந்தே வந்து நின்னே. அப்பதான் விளக்கு வச்சிருந்தேன். பொழுது சாய்ஞ்சா இந்த ஜைன வீட்டுல சாப்பாடு கிடையாது, நம்ம நியமம் தெரியாதான்னேன். நீ சரிம்மான்னு தண்ணி குடிச்சுட்டுப் படுத்தே, விடியறதுக்குள்ள போயிட்டே. பானையில புளிச்சோறு இருந்துது ரிஷபா. அதுக்கு முந்தின வாரம் நம்ம வயல்ல வேலை செய்யற பழனி இருட்டினப்புறம் வந்தான், பசிக்குதுன்னு மூஞ்சியே சொல்லுது, நானே இலை போட்டேன். நியமம் நமக்குத்தான், பசிச்சவனுக்கு இல்லைன்னு அன்னிக்குத் தெரிஞ்சவளுக்கு உன் விஷயத்துல தெரியாமலா போச்சு? உன் கழுத்துல சிலுவையைப் பார்த்தேன், வயிறு எரிஞ்சுது, நியமத்தைச் சாக்கு வச்சேன், அவ்வளவுதான். சோறு போடுடின்னு உள்ள எழுதியிருந்ததை நல்லா வாசிச்சேன். வாசிச்சுட்டே தாண்டினேன். புத்தி வாசிக்கறதோட நிக்கலையேப்பா, தப்பிக்க நியாயமும் அதே புத்திதான் எடுத்துக் குடுக்குது. இதுக்கு உங்க வாத்தியாருங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுது.

தை மாசம் குருப்பட்டம் ஆனதும் பீகார் பக்கம் அனுப்பிடுவாங்க, அதுக்கு முன்ன ரெண்டு நாள் வரட்டுமான்னு கேட்டிருக்கே. பெத்த வீட்டுக்கு வர உத்தரவா கேக்கறே, அந்த நிலைக்கு நானே உன்னைக் கொண்டாந்துட்டேன். அதுக்குக் கீழே, பொழுதோடயே வந்துடறேன்மான்னு ஒரு வரி. அதைப் படிச்சதும் அப்பா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாரு. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அவசியம் வா. ஸ்வெட்டரை மறந்துடாதே, எண்ணெய் தேய்ச்சுக் குளி. நூறு வயசு நல்லா இரு. ரயில் எவ்வளவு லேட்டானாலும் ஓட்டமா ஓடி வராதே. அந்நேரத்துக்கு நான் சாப்பிட மாட்டேன், என் நியமம் என்னோட. ஆனா இலை போட்டுப் பக்கத்துல உக்காந்து பரிமாறுவேன்.

உனக்கு ஒரு வேளைச் சோறு பாக்கி வச்சிருக்கும் அம்மா,
தயாவதி