மாடத்துச் சுவத்துல மூணு வெரலு

என்ற மச்சினன், வெத்தலப் பையி ராசுவுக்கு,

நீ போயி இருவது வருசமாச்சு. அங்கயாவது பல்லு வெளக்கறயா மாப்ள?

எனக்குக் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. எந்திரிக்கறதுக்கே சலிப்பா இருக்குது. உங்கொக்கா வையறது மட்டும் கொறையல. இருந்தும் போன வாரம் கல்லாத்துக்கு மேல போய்ட்டு வந்தேன். நாம கேங்குல தண்டவாளம் பார்த்தமே, அந்தக் குகைக்குத்தான். ரயிலு வேற தடத்துல போக ஆரம்பிச்ச பொறவு அதுல வவ்வாலுதான் குடியிருக்குது.

அது வெள்ளக்காரன் கட்டுன பழம்பெருமைன்னு இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காங்க. கோயமுத்தூர்ல இருந்து கண்ணாடி போட்ட ஆபீசரு ஒருத்தரு வந்தாரு. உள்ள பூராத்தையும் கழுவி, சனங்களுக்குக் காட்டப்போறாங்களாம். பழைய கேங்மேனுல உசுரோட இருக்கறவன் நான்தான்னு என்னையக் கூட்டிட்டுப் போனாரு.

ரயிலு வந்தா ஒதுங்கி நிப்பமே, சுவத்து மாடம், அதுல டார்ச் அடிச்சாரு. கல்லுல மூணு மூணா வெள்ளக் கோடு. வெத்தலைக்குத் தடவுனது போக மிச்சச் சுண்ணாம்ப நீ மூணு வெரலால தேச்சது. அதுக்கு நான் எத்தன தடவ வைஞ்சிருப்பேன்.

"ஏனுங்க பெரியவரே, இதென்ன அழுக்கு? சொரண்டச் சொல்லீரலாமா?"ன்னாரு.

உன்ற போட்டோ ஒண்ணுகூட ஊட்டுல இல்லியே மாப்ள.

"தொட்டுப்போடாதீங்க சாமி. மலையக் கொடையறப்ப வெள்ளக்காரத் தொர போட்ட அளவுக் குறிங்க அது. எங்கப்பாரு சொல்லியிருக்காருங்க"ன்னேன்.

எங்கப்பாரு அந்த மலைப்பக்கமே வந்ததில்ல. கண்ணாடிக்காரரு செருப்பக் கழட்டாத கொறைதான். நோட்டுல எழுதிக்கிட்டாரு. சுத்தியும் கம்பி கட்டி, தொடாதீங்கன்னு பலகை மாட்டப்போறாராம். உன்ற எச்சிக் கைக்கு வந்த வாழ்வப் பாரு.

பஸ்சுல ஏறுனப்ப சிரிப்பா வந்துச்சு. மேட்டுப்பாளையம் தாண்டறதுக்குள்ள அது போயிருச்சு. உன்ற வெரலக் காப்பாத்தறேன்னு அத எவனோ ஒரு தொரைக்குத் தூக்கிக் குடுத்துப்போட்டேன். நெசத்தச் சொன்னா சொரண்டிப்போடுவாங்க. சொல்லாட்டி நீ அங்க நின்னதே யாருக்குந் தெரியாது. நீயா இருந்தா என்ன பண்ணுவ?

உன்ற புள்ள மரகதம் நல்லா இருக்கறா. உடுமலப்பேட்டைல குடுத்திருக்கோம். நீ போறப்பக் கைக்கொழந்தை. "அப்பன் எப்படி மாமா இருப்பாரு?"ன்னு இன்னும் கேக்கறா. "கொரங்காட்ட இருப்பான் கண்ணு"ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே ஓஞ்சு போச்சு.

கம்பி கட்டறதுக்குள்ள அவளக் கூட்டிட்டுப் போறேன். நெசத்த அவளுக்கு மட்டும் சொல்லுவேன். அந்த மூணு கோட்டு மேல அவ வெரல வெச்சுப் பாக்கட்டும். காலு எப்படி வீங்குனாலும் செரி, போயே தீருவேன். இது உங்கொக்கா மேல சத்தியம். உன் மேல பண்ணி என்ன பிரயோசனம், நீதான் முந்திக்கிட்டயே.

உங்கொக்காளக் கட்டிக்கிட்டு இன்னும் முழிக்கற,
உன்ற மாமன்