சிவப்பு மெழுகுவர்த்தி இருபத்துநாலு

2-12-2001, ஞாயிறு

விடுதிக் கதவுகளுக்கு வண்ணம் அடித்து முடிந்தது. நான் சொன்னது பச்சை. மாணிக்கம் வாங்கிக்கொண்டு வந்து நின்றது நீலம். கேட்டால், "பச்சைதான் மலை பூராவும் இருக்குதுங்களேக்கா. எங்கூட்டுக்காரிக்கு நீலம்னா உசுருங்க. தெனமும் இதுகளத் தொறந்து சாத்தறவ அவதானுங்களே?" என்கிறார். என் கதவுக்கு அவர் மனைவிக்குப் பிடித்த நிறம்! திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டேன். சென்னம்மாள் மலைக்கு அந்தப் பக்கம் தேவனூர் நாட்டில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு பேச்சு. அவள் எதிரில் இருந்தால் மனிதர் வாயைத் திறக்க மாட்டார்.

இந்த நாலு அறை விடுதியை ஆறு வருடமாக நான் நடத்துவதாகப் பேர். நடத்துவது அவர்கள் இரண்டு பேரும். அவள் சமையல், அவர் மற்ற எல்லாம். சேலத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு மிளகுக்கொடி எந்தப் பக்கம் ஏறும் என்று என்ன தெரியும்?

5-12, புதன்

இங்கிரிட் கடிதம் போட்டிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் மூலிகை பார்க்க வந்து ஒரு வாரம் தங்கிய ஜெர்மன்காரி. பத்தொன்பதாம் தேதி ஒன்பது பேராக வருகிறார்கள். கிறிஸ்தவர்கள் இல்லையாம். அதற்கெல்லாம் முந்தின சாமிகளைக் கும்பிடுகிற கூட்டமாம். வருடத்திலேயே நீளமான இரவு, டிசம்பர் இருபத்தொன்று, அவர்களுக்குப் பண்டிகை. யூல் என்று பெயர். பொழுது சாய ஒரு பெரிய கட்டையில் தீ மூட்டி, சூரியன் திரும்ப வரும்வரை அணையாமல் காத்து, சாப்பிட்டுப் பாடிக் கொண்டாடுவார்களாம். இந்த வருடம் உன் வாசலில் என்கிறாள்.

தாராளமாக. இந்தக் குளிருக்கு இங்கே சாயங்காலமானால் வாசலுக்கு வாசல் தீதானே?

பேளுக்குறிச்சியில் இருக்கும் வெங்கிடுசாமி அண்ணன் மாதம் ஒரு தடவை, "போதும், கீழ எறங்கி வந்துரு" என்கிறார். ஒன்பது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கினார்கள் என்று கேள்விப்பட்டால் கொஞ்ச நாள் வாயை மூடுவார்.

8-12, சனி

மாணிக்கம் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போயிருக்கிறார். பண்டிகைச் சாமானுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

9-12

மாணிக்கம் போய்விட்டார்.

11-12, செவ்வாய்

நாலு பேர். கீழே கிழங்கு இறக்கிவிட்டு மேலே வந்த லாரி. சனிக்கிழமை சாயங்காலம் மலைப்பாதையில் வளைவு திரும்பும்போது கவிழ்ந்திருக்கிறது. சந்தைக்குப் போனவர்கள் பின்னால் ஏறியிருந்தார்கள். நேற்று நாலு பேரையும் ஒரே வரிசையில் அடக்கம் செய்தார்கள். சென்னம்மாள் அழவில்லை. குழிக்குள் மண் தள்ளும்போது, "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர்க்கவுண்டர் அப்பாசாமி அங்கேயே சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை ஊரில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. மேளம் கூடாது. வாசலில் தீ மூட்டக் கூடாது. இன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பல் கிட்டுகிற குளிரில் குழந்தைகளைப் போர்வையில் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டு எல்லாரும் வெறும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

12-12, புதன்

காளியண்ணன் வந்தார். அந்த லாரியில் இருந்து பிழைத்தவர். கையில் கட்டு. நான் எதுவும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். "ரெண்டு மணி பஸ்ஸுக்குத்தானுங்க நின்னோம். செவப்பு மெழுகுவத்தி சந்தையில இல்ல, சேந்தமங்கலம் போய்ப் பாத்துட்டு வாரேன்னாரு. நானும் தொணைக்குப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சுங்க."

வெள்ளை இருந்ததாம் சந்தையில். எத்தனை வேண்டுமானாலும் இருந்ததாம்.

'சிவப்பு மட்டும்' என்று எழுதி, கீழே கோடு வேறு இழுத்தேன். எதுக்குடி அந்தக் கோடு? வெள்ள மெழுகுவத்தி எரியாதா?

14-12, வெள்ளி

இதை எழுதத்தான் வேண்டும்.

சென்னம்மாள் வந்து அடுப்படிப் படியில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நாலாக மடித்தது, ஓரம் கறுத்துப் போனது. "ஆஸ்பத்திரியில குடுத்த சட்டைப்பையில இருந்துச்சுங்க. அவரு எழுதுனதாட்ட இருக்குது. என்னன்னு படிச்சுச் சொல்லுங்கக்கா."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அது என் சீட்டு.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். "உப்பு ரெண்டு படி. பருப்பு. கோகிலவாணிக்கு வளையல்." மகள் பெயரைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. "உனக்கு ஒரு சேலை. நீலம்."

அப்போதுதான் அழுதாள். ஆறு நாளாக வராத அழுகை. சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "எனக்கா? எனக்கா எழுதியிருக்கறாரு?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இந்தக் கையால்.

15-12, சனி

பண்டிகை வேண்டாம், வராதே என்று இங்கிரிட்டுக்குச் சொல்ல வழியில்லை. மகாபலிபுரம் வந்துவிட்டார்கள், எந்த லாட்ஜ் என்று தெரியாது. வழி இல்லை என்பதும் பாதிப் பொய். தேடியிருந்தால் கிடைத்திருப்பாள். நான் தேடவில்லை. ஆறு வருடத்தில் என்னை நம்பி வந்த ஒரே பெரிய கூட்டம். அண்ணன் முகம் வேறு கண்ணுக்கு முன்னால்.

எதற்கும் ஊர்க்கவுண்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று போனேன். "பதினாறுக்குள்ள வாசல்ல தீயுங்களா? எதுக்குங்கம்மா அந்தத் தீ?" என்றார் அப்பாசாமி.

"செத்தவங்களுக்குத்தானுங்க" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது எவ்வளவு சுலபமாக வருகிறது. அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "எங்கிருந்தோ வாரவங்க நம்ம சனத்துக்குத் தீ வெக்கறாங்கன்னா, ஊரு வராம இருக்கலாமுங்களா? நாங்க எல்லாரும் வாரோமுங்க."

19-12, புதன்

வந்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள், அதுதான் கஷ்டம். இங்கிரிட் என்னைக் கட்டிக்கொண்டு, "மாணிக்கம் எங்கே?" என்றாள். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். மூன்றாவது.

கிராமத்து ஜனங்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள் என்று சொன்னேன். சந்தோஷத்தில் குதிக்கிறார்கள்.

20-12

பலாக்கட்டையை வாசலில் கொண்டுவந்து போட்டாகிவிட்டது. நாளைக்கு.

22-12, சனி, காலை

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். விட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

நேற்றுப் பொழுது சாய ஒன்பது பேரும் தலையில் இலை வளையம் சூடிக்கொண்டு, கையில் ஒயினோடு வாசலுக்கு வந்தார்கள். பலாக்கட்டை. தீ பிடித்ததும் கைதட்டிச் சிரித்தார்கள். தாடிக்காரர் ஒருவர் சின்ன மேளம் ஒன்றை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஊர் வந்தது. அறுபது பேர் இருக்கும். தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரத்தோடு, பெண்கள் அவிழ்த்த கூந்தலோடு. வீட்டுக்கு ஒரு விறகு கையில். மேளச் சத்தத்தைக் கேட்டு அப்பாசாமி நின்றுவிட்டார், என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தாடிக்காரரின் கையைப் பிடித்தேன். அதற்குள் பெருமாயி தீயைப் பார்த்துவிட்டு ஒப்பாரியை எடுத்துவிட்டாள். அவள் மகன் சென்றாயனும் அந்த லாரியில் போனவன். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வந்தவர்களுக்கு அது பாட்டு. இரண்டு பேர் சிரித்த முகத்தோடு தாளம் தட்டினார்கள்.

அந்தத் தாளம். ஐயோ.

சென்னம்மாள் என்னிடம் வந்தாள். ஒரு கையில் விறகு, மறு கையில் அந்தச் சீட்டு. "இத அவருகூடவே அனுப்பிச்சிரலாமுங்கக்கா. போடறதுக்கு முந்தி ஒருக்கா சத்தமாப் படிச்சுருங்க. அவரு எனக்கு என்ன வாங்கோணும்னு நெனச்சாருன்னு ஊரு கேக்கட்டும்."

வாங்கிப் பிரித்தேன். தீ வெளிச்சத்தில் என் கையெழுத்து. அன்றைக்குச் சொன்ன பொய் ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருந்தது. அதையே சொல்லிவிட்டு உள்ளே போட்டால் சாம்பல். பிறகு யாருக்குத் தெரியும்? உப்பு ரெண்டு படி என்று வாயெடுத்தேன். குளிரில் அவள் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. பதினாலு நாளாகக் குளிர் காயாத ஊர். என் பொய்யை நம்பி விறகு கொண்டுவந்திருக்கிறது.

"ஆரஞ்சு நாப்பது. கிராம்பு நூறு கிராம். சிவப்பு ரிப்பன் பத்து மீட்டர். சிவப்பு மெழுகுவர்த்தி இருபத்துநாலு. சிவப்பு மட்டும்."

ஒப்பாரி நின்றுவிட்டது.

"இது என்ற சீட்டு சென்னம்மா. இவங்க பண்டிகைக்கு நான் எழுதிக் குடுத்தது. இதுக்காவத்தான் அவரு பஸ்ஸ உட்டாரு. இந்தத் தீயும் செத்தவங்களுக்கு இல்ல. எல்லாம் நான் சொன்ன பொய்."

அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சேலை?" என்றாள்.

"சேலை இதுல இல்ல."

சீட்டை என் கையிலிருந்து வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். தீயில் போடவில்லை. விறகையும் போடவில்லை. திரும்பி நடந்தாள். பின்னாலேயே ஊரும் போயிற்று. கொண்டுவந்த விறகை ஒருவர் பாக்கியில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பாசாமி மட்டும் போகிற போக்கில், "நெசத்தச் சொல்லிக் கேட்டிருந்தா மூணு நாளு தள்ளி வெச்சுக்கச் சொல்லியிருப்பேனுங்களே" என்றார்.

இங்கிரிட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையிலிருந்த வளையத்தைக் கழற்றினாள். "முதலிலேயே சொல்லியிருந்தால் இந்தத் தீயை மூட்டியிருக்கவே மாட்டோமே. ஏன் சொல்லவில்லை?" குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். சூரியனுக்குக் காத்திருக்க வந்தவர்கள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ராத்திரி முழுக்க என்னையே கேட்டுப் பார்த்தாகிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பாசாமியும் மறுத்திருக்க மாட்டார், இங்கிரிட்டும் மறுத்திருக்க மாட்டாள். நடுவில் நான்தான்.

காலையில் வெளிக் கேட்டில் அடுப்படிச் சாவி தொங்கியது. சென்னம்மாளிடம் ஆறு வருடமாக இருந்த சாவி. எடுத்து உள்ளே ஆணியில் மாட்டினேன்.

23-12, ஞாயிறு

காலையில் இங்கிரிட் கூட்டம் கிளம்பிவிட்டது. இன்று கருமாதி. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எந்த முகத்தோடு போவேன்?

பொழுது சாய ஊரில் மறுபடியும் வாசலுக்கு வாசல் தீ. என் வாசலில் பாதி கருகிய பலாக்கட்டை.

2-1-2002

பால் வருவது நின்றுவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. எதிரில் வந்தால் வழிவிட்டு ஒதுங்குகிறார்கள், மரியாதையாக.

14-1, பொங்கல்

துக்க வீட்டில் இந்த வருடம் பொங்கல் கிடையாது. வேண்டியவர்கள் வைத்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். வைத்தேன். தூக்குப்போசியில் போட்டு எடுத்துக்கொண்டு பாதி வழி போனேன். நான் வேண்டியவளா? திரும்பிவிட்டேன்.

9-2

அண்ணன் வந்திருந்தார். இந்தத் தடவை குத்திப் பேசவில்லை. "இங்க தனியா என்ன கண்ணு பண்ற? ஊட்டுக்கு வா" என்றார். நாற்பத்தாறு வயதில் கண்ணு! அழுகை வந்துவிட்டது. மாசி முடியட்டும் என்றேன். முதல் தடவையாக வர மாட்டேன் என்று சொல்லவில்லை.

3-3, ஞாயிறு

மத்தியானம் சென்னம்மாள் வந்தாள். வாசலோடு நின்றுகொண்டாள். இளைத்துப் போயிருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுப்போட்டுப் போயிர்றனுங்க. அந்தச் சேலை, நீங்களாச் சேத்துனதுங்களா?"

"ஆமா. நானாத்தான் சேத்தேன்."

தலையை ஆட்டினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "நீலம்னு ஏனுங்க சொன்னீங்க? எனக்கு நீலம் புடிக்கும்னு உங்ககிட்ட ஒருநாளும் நான் சொன்னதில்லீங்களே. ராத்திரியெல்லாம் இதேதான் ஓடுது."

சொன்னேன். அவள் தேவனூர் நாட்டுக்குப் போயிருந்தபோது அவர் நீல டப்பாவோடு வந்து நின்றதை. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே, நான் ஒன்றும் சேர்க்காமல், ஒன்றும் விடாமல். நீலம்னா உசுருங்க. தெனமும் இதுகளத் தொறந்து சாத்தறவ அவதானுங்களே.

"இந்தக் கதவுங்களா?"

படியேறி உள்ளே வந்தாள். முதல் அறைக் கதவைத் திறந்தாள், சாத்தினாள். அப்புறம் அடுத்தது. நாலையும் திறந்து சாத்தினாள். கடைசிக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுலியே அந்த மனுசன்."

நான் பக்கத்தில் போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்படி வழியாகப் பின்பக்கம் இறங்கிப் போனாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் விளக்கு வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். ஆணியில் அடுப்படிச் சாவி இல்லை.