அக்கா போட்ட ரெண்டு மார்க்

என் உயிர் சௌந்தரம் அக்காவுக்கு,

காரைக்குடியிலிருந்து உன் தம்பி எழுதுகிறேன். நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகுமா என்று தெரியவில்லை. போகாவிட்டாலும் மோசமில்லை, என் மைக் செட்டில் வாசித்துவிடுகிறேன். போன திருவிழாவுக்கு நான் குழாய் ஸ்பீக்கர் கட்டியபோது சத்தம் கொத்தமங்கலத்தைத் தாண்டிக் கானாடுகாத்தான் வரைக்கும் போய், பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் பெல்ஜியம் கண்ணாடியெல்லாம் ஆடியது. அதில் ஒரு வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க, இங்குட்டுப் பிள்ளைக படிக்குது" என்றார். சிங்கப்பூருக்கே கேட்டது உனக்குக் கேட்காதா?

"இதுல யானை எங்கடா வருது?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. என் கதை எதுவும் யானை வராமல் முடியாது என்று உனக்குத் தெரியும். நாச்சியாபுரம் கல்யாணத்தில் என் ஸ்பீக்கருக்கு முன்னால் யானை படுத்துத் தூங்கிய கதையைக் கடைசி வரை கேட்டவள் நீ ஒருத்திதான். கேட்டுவிட்டு, "யானையை எழுப்பி அனுப்பிட்டுச் சாப்பிட வாடா" என்றாய். இந்தக் கடிதத்தில் யானை வராது அக்கா. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

உனக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள் வருகிறது. உன் வீட்டுக்காரர், நம்ம அத்தான், ஃபிளெக்ஸும் நினைவு மலரும் அடிக்கக் கொடுத்திருந்தார். பிரஸ்ஸுக்குப் பார்க்கப் போனேன். உன் படத்துக்குக் கீழே, 'எத்தனை வலியிலும் முகம் சுளிக்காத பொறுமையின் சிகரமே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அங்கேயே பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன்.

பிரஸ்காரர் பதறிவிட்டார். "அண்ணே, எல்லா அம்மாமாருக்கும் இதுதானே போடுறோம்?"

"மத்த அம்மாமாருக்கு மத்தவுக வந்து அடிக்கட்டும். எங்க அக்காவுக்கு நான் அடிச்சாச்சு."

"அந்த எடம் காலியா இருக்குமேண்ணே?"

"இருக்காது. நான் எழுதித் தாரேன்."

அந்த இடத்துக்குத்தான் இந்தக் கடிதம். பத்தாது என்று இப்போதே தெரிகிறது. உன் படத்தைச் சின்னதாக்கச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்கிறேன். நீ போன பிறகு, மழைக்காலம் முடிகிற சமயத்தில், அவருக்கு வலது விலாவில் அக்கி வந்தது. பானை செய்கிற வேளார் வீட்டுக்குப் போய்க் காவி மண் குழைத்து அக்கி எழுதிக்கொண்டார். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் தின்றார். கொப்புளம் காய்ந்தது, உதிர்ந்தது, தழும்பு மட்டும் நின்றது. ஆனால் வலி போகவில்லை. சட்டைத் துணி உரசினால் நெருப்பு. காத்தாடிக் காற்று பட்டால் ஊசி. ஆளுயரத் தேக்குக் கதவை ஒற்றையாளாகத் தூக்கி மாட்டிய தச்சர், துண்டு நுனி பட்டதும் துள்ளுகிறார். வெறும் உடம்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தெருவில் ஒருத்தர், எப்போது கோயில் பூசைக்குப் போக ஆரம்பித்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

"மதுரைக்கு வாங்கத்தான், காட்டிட்டு வருவோம்" என்று கூப்பிட்டால் வர மாட்டார்.

"எதுக்கு மாப்ள? ரெண்டுதான் இருக்கும்."

"என்ன ரெண்டு?"

"பத்துக்கு ரெண்டு. உங்க அக்கா அம்புட்டுப் பெரிய நோய்லயே ரெண்டுன்னுதானே சொன்னா? தோல் நோவுக்கு நான் மூணுன்னு சொன்னா நாக்கு கூசாதா?"

இதுதான் அக்கா இந்த வீட்டில் நடந்தது. நீ சொன்ன ரெண்டை அவர் பூசையறையில் வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் தனக்கு வலிப்பது உனக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்தார்.

அந்த ரெண்டு எப்படி வந்தது என்று இதைப் படிக்கிற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். உன் முதுகெலும்பில் புற்று இறங்கியிருந்த நேரம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ ஒருக்களித்துக் கிடந்தாய். அந்த நர்ஸம்மா நல்ல பிள்ளை, குனிந்து அன்பாகத்தான் கேட்டது. "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீகம்மா?"

நீ யோசித்தாய். "ரெண்டு" என்றாய்.

நான் எகிறினேன். "அது ரெண்டு இல்லம்மா, பத்து! பதினஞ்சு! எங்க அக்கா பல்லைக் கடிக்கிற சத்தம் நாச்சியாபுரத்துக்குக் கேக்குது!" வார்டே சிரித்தது. அத்தானும் சிரித்துவிட்டு, "சிஸ்டர், எங்க மாப்ள எதைச் சொன்னாலும் எட்டைக் கழிச்சிட்டுக் கேளுங்க" என்றார். பத்தில் எட்டைக் கழித்தால் ரெண்டு. கணக்கு சரியாகிவிட்டது. உனக்குக் கிடைத்தது காய்ச்சல் மாத்திரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஏதோ ஒரு மாத்திரை.

எல்லாரும் போன பிறகு நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "ரெண்டு மார்க்தான்டா போட்டேன். அதுக்கே மனசு வரல" என்றாய். நீ ஏதோ பகடி பேசுகிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நான் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அன்றைக்கு அந்த வார்டில் உண்மையைச் சொன்னவன் நான் ஒருத்தன்தான். புளுகன்தான், ஊருக்கே தெரியும். ஆனால் புளுகன் வீட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற மாட்டீர்களா?

இனி உன் மகள் தேன்மொழி. நீ போன பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. "அம்மா அமைதியாப் போனாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க மாமா. அமைதிக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்? சத்தம் வரலேன்னா வலிக்கலேன்னு அர்த்தமா?" என்று கேட்டாள். மதுரையில் வலியைப் பற்றி ஆராய்கிறவர்களோடு இப்போது வேலை செய்கிறாள். நோயாளிகள் தங்கள் வலியை எப்படிச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வேலை. ரத்தக் கொதிப்புக்கு மெஷின் இருக்கிறது, சர்க்கரைக்கு மெஷின் இருக்கிறது. வலியை அளக்க நம்புகிற மாதிரி ஒரு மெஷின் இன்னும் வரவில்லையாம். "வலிக்கிற ஆள்தான் மாமா மெஷின். அவங்க சொல்றதை நம்பாட்டி மெஷினை உடைச்ச மாதிரி" என்கிறாள்.

அப்பாவின் அக்கியைப் பற்றியும் சொன்னாள். சின்ன வயதில் அம்மை போட்ட கிருமி நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். வயதான காலத்தில் எழுந்து வந்து அக்கியாக வெடிக்குமாம். தோல் ஆறினாலும் நரம்பு கெட்டுப்போய்ச் சும்மா சும்மா சேதி அனுப்பும். மூளையும் அந்தச் சேதியைக் கூட்டி வைத்தே கேட்டுப் பழகிவிடும். பயம் இருந்தால் இன்னும் கூடும், தூக்கம் கெட்டால் இன்னும் கூடும், பக்கத்தில் நம்புகிற ஆள் இருந்தால் கொஞ்சம் இறங்கும்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் சொன்ன மாத்திரத்தில் பிடித்துவிட்டேன். "இது மைக் கூவுறதுல்ல?" என்றேன். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் காட்டினால் என்ன ஆகும்? பேசினவர் பேசி முடித்து இறங்கிப் போய்விட்டார், மேடையில் ஆளே இல்லை. ஆனால் சத்தம் தன்னையே கேட்டுக் கேட்டுப் பெருகி ஊளையிடும். கூட்டத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நிற்குமா? வால்யூமைக் குறைக்க வேண்டும், மைக்கைத் திருப்ப வேண்டும். அதற்குத்தான் மருந்து, அதற்குத்தான் ஆராய்ச்சி. தேன்மொழி அசந்துபோய்விட்டாள். இப்போது அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள்கூட என் உதாரணத்தைச் சொல்லித்தான் புரியவைக்கிறார்களாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லாமலா இருப்பார்கள்?

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தாள். காபி குடித்துக்கொண்டே ஒரு பாட்டியம்மாவைப் பற்றிச் சொன்னாள். வலியில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தவரிடம், பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒருத்தர் கேட்க, அந்தம்மா "ஒண்ணு" என்றாராம். முகத்தைப் பார்த்தால் ஒன்று மாதிரி இல்லை. ஏன் ஒன்று என்று தேன்மொழி கேட்டாளாம். "இம்புட்டுக் கொடுமை பண்ற வலிக்கு எதுக்கும்மா நெறைய மார்க்கு? நல்லா இருந்தாத்தானே மார்க்கு அள்ளிப் போடணும்? இது ஃபெயிலு" என்றாராம்.

"அதுக்கப்புறம் மார்க்குங்கிற வார்த்தையையே நான் எடுக்கிறதில்ல மாமா" என்றாள் தேன்மொழி. "வலியே இல்லேன்னா சைபர், இதுக்கு மேல வலியே கிடையாதுன்னா பத்துன்னு சொல்லிக் கேக்குறேன். பொரண்டு படுக்க முடியுதா, சட்டை போட முடியுதான்னும் கேக்குறேன்."

அன்றைக்கு வார்டில் எல்லாரும் போன பிறகு நீ சொன்னது கண் முன்னால் வந்து நின்றது அக்கா. உன் கை என் மணிக்கட்டில் இருந்தது. அதுக்கே மனசு வரல.

நீ வலியின் அளவைச் சொல்லவில்லை. வலியைப் பரீட்சையில் ஃபெயிலாக்கினாய்! அந்த ராட்சசனுக்கு ரெண்டு மார்க்கே அதிகம் என்று தீர்ப்புச் சொன்னாய். நாங்கள் உன்னைப் பொறுமைசாலி ஆக்கிவிட்டோம்.

தேன்மொழியிடம் நீ சொன்னதைச் சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "அப்பாகிட்டச் சொல்லுங்க மாமா. நான் சொன்னா மருந்து திங்க வைக்கக் கதை கட்டுறேம்பாரு."

"நான் சொன்னா நம்புவாரா?"

"நம்புற மாதிரி சொல்லுங்க. யானை வேணாம் மாமா."

அவளோடு உன் வீட்டுக்குப் போனேன். அத்தான் கூடத்தில் வெறும் உடம்போடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன மாப்ள, இன்னைக்கு எந்த நாட்டுல இருந்து போன்?" என்றார். எதிரில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு குட்டையாக நான் பேசியதில்லை.

"அத்தான், அன்னைக்கு நீங்க அங்குட்டுப் போனப்பறம் அக்கா என் கையைப் பிடிச்சு, ரெண்டு மார்க்தான் போட்டேன், அதுக்கே மனசு வரலன்னு சொன்னுச்சு. வலிக்கு மார்க்கைக் கொறைச்சுப் போட்டிருக்கு. கெட்டதுக்குக் கொறைச்ச மார்க்."

முடித்துவிட்டேன். அவர் மேலே எதையோ எதிர்பார்த்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பறம்?"

"அம்புட்டுத்தான்."

"யானை?"

"இல்லத்தான்."

"சிங்கப்பூர்?"

"அதும் இல்ல."

அத்தான் முகம் மெல்ல மெல்ல மாறியது. "யானை வரலேன்னா நெசம்தான் மாப்ள" என்றார். பிறகு, "நான்தானே எட்டைக் கழிக்கச் சொன்னேன்" என்றார்.

"என் பேச்சுக்குக் கழிச்சீக. அக்கா வலிக்கா கழிச்சீக? கேள்வியே கோணல், அதுக்கு நீங்க என்ன செய்வீக? இன்னைக்கு உங்ககிட்டக் கோணாமக் கேக்குறோம், நேராச் சொல்லுங்க" என்று அதட்டினேன். அத்தானை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. அவரும் அடங்கினார்.

தேன்மொழி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "வலியே இல்லேன்னா சைபர், இதுக்கு மேல இல்லேன்னா பத்து. எத்தனைப்பா?"

அவர் உன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விலாவைப் பார்த்தார்.

"எட்டும்மா. சட்டை போட்டா ஒம்பது."

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போனோம். நரம்பு வலிக்கென்று தனி மாத்திரை கொடுத்தார்கள். தழும்பு மேல் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தார்கள். சரியாகும் என்றார்கள், நாளாகும் என்றும் சொன்னார்கள். மற்ற விஷயமாக இருந்தால் அத்தான் எழுந்து ஓடி நாலு கதவைத் தூக்கி மாட்டினார் என்று எழுதியிருப்பேன். இதில் ஒரு பிடிகூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன். வலி முழுசாகப் போகவில்லை. கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நேற்றுப் பழைய மெல்லிய மல் துணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு வரை போய்விட்டு வந்தார். வந்ததும் கழற்றிவிட்டார். ஆனால் போட்டார்.

உன்னுடையதைப் போன்ற வலிக்கும் மார்ஃபின் என்று ஒரு மருந்து இருக்கிறதாம். தெரிந்தவர்கள் அளவாகக் கொடுத்தால் பயமில்லை, அது சாகப்போகிறவர்களுக்கு மட்டுமான மருந்தும் இல்லை என்று தேன்மொழி சொல்கிறாள். உனக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டிய எண் உன் வாயில் தலைகீழாக வந்தது. நேராகக் கேட்டிருந்தால் நீ பத்து என்று சொல்லியிருப்பாயா? இல்லை, அப்போதும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறைத்திருப்பாயா? இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

நினைவு நாளுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'எவ்வளவு தாங்கினாள், மகராசி' என்று யாராவது என் மைக்கைப் பிடித்துப் பேசினால் லைனைப் பிடுங்குவேன். வலியைத் தாங்குவதற்குப் பரிசு கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் முடிந்தது. வலியோடு சண்டை போடுகிறவர்களுக்கு மட்டும் இனி மாலை.

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஊரில் யார் முனகினாலும், முனகாமல் படுத்திருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்பேன். ரெண்டு என்று சொன்னால், "எதுக்கு ரெண்டு? நல்லதுக்கா கெட்டதுக்கா?" என்று கேட்காமல் எழுந்திருக்க மாட்டேன். அவர்கள் பத்து என்று சொல்லி ஊர் நம்பாவிட்டால், அந்தப் பத்தைக் குழாய் கட்டிக் கத்துவேன். சிங்கப்பூரிலிருந்து போன் வந்தாலும் சத்தத்தைக் குறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இந்த ஒரு கடிதத்தில் எட்டைக் கழிக்காமல் நம்ப வேண்டிய
உன் கூடப்பிறந்த தம்பி
மைக் செட் முத்துக்கருப்பன்