பெட்ரோல் தூங்குற வண்டி

மாமாவுக்கு, பேத்தியப் பார்த்துக்க மதுரைக்கு வந்த சீனியம்மாள் தன் கையால எழுதுவது. உங்க மூட்டுவலி தேவலையா? இங்க எல்லாரும் சுகம்.

நம்ம மகன் அசோக்கு வாங்கின பெரிய ஹைபிரிட் கார் தெருவையே அடைச்சு நிக்குது. பார்க்குறவுக எல்லாம் "எம்புட்டு குடுக்குது?"ன்னு கேக்குறாக. சிம்மக்கல் நெரிசல்ல லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் குடுக்குது, நாலுவழிச் சாலையில பதினாறுதான். "ஊருக்குள்ள பெட்ரோல் தூங்கிரும், பேட்டரி இழுக்கும்மா"ங்கிறான். அது தூங்குறப்ப, ஆள் நடக்குற சத்தம்கூட இல்லாம வண்டி நகருது.

வெள்ளிக்கிழமை காலையில வண்டிக்கு முன்னாடி குனிஞ்சு கோலம் போட்டுக்கிட்டிருந்தேன். பொதக்குன்னு எலுமிச்சம்பழம் நசுங்குற சத்தம். நிமிர்ந்தா வண்டி என் மேல வருது. விலகிட்டேன், பயப்படாதீக. வண்டி உசரம், உள்ள இருந்த அசோக்குக்கு நான் தெரியல.

"சக்கரத்துக்குப் பழம் யாருடா வச்சது?"ன்னேன்.

"வாங்குன அன்னைக்கு வச்சதோட சரிம்மா. இப்ப யாரும் வைக்கல"ன்னான்.

நசுங்கின பழத்துல குங்குமம் ஈரமா இருந்துச்சு.

என் பழைய போர்வையக் குடுத்துவிடுங்க, இந்த ஏசியில தூக்கம் வரல. பேத்தி முழிச்சிட்டா, நிறுத்துறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நம்ம ஊரு கருப்பசாமி கோயில்ல எனக்காகப் பழம் வச்சீகளா? வச்சிருந்தா உடனே எழுதுங்க. வைக்கலைன்னா எழுத வேணாம்.

சீனியம்மாள்