நான்கு முறை திரும்பிப் பார்த்ததற்கு விளக்கம்

வெனோசா, இத்தாலி,
8 ஜூலை 2020, புதன்கிழமை

அன்புள்ள அக்கா ஜெரார்தாவுக்கு,

தம்பி சவீனோ எழுதுவது. உடம்பு நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை, மார்ச்சுக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. நான் அனுப்பும் செய்திகளை நீ படித்துவிட்டதாக மட்டும் போன் காட்டுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. படித்தாயா, கிழித்தாயா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஜெர்மனிக்கு, அதுவும் உல்முக்கு, ஆறு நாளில் போய்ச் சேரும் என்று தபாலாபீஸில் சத்தியம் செய்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதினேன். பாதியில் வெளியே தள்ளிவிட்டார்கள்.

அரசுத் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றது உனக்குத் தெரியும். இரண்டாம் முறை நான்கு மதிப்பெண்ணில் போனது. இப்போது வயது இருபத்தாறு. இந்தத் தனியார் கல்லூரித் தேர்வுதான் கடைசி, இதுவும் போனால் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்த்தே காலத்தை ஓட்டிவிடுகிறேன் என்று ஜனவரியில் அம்மாவிடம் சொல்லித்தான் பதிவு செய்தேன். அம்மா அன்று மாலைக்குள் கட்டடம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். முதலில் ஏப்ரல் மூன்று என்றார்கள். பிறகு மே இருபத்தெட்டு. பிறகு ஜூலை இரண்டு, அதுவும் கல்லூரியில் இல்லை, அவரவர் வீட்டில், கணினி முன்னால். ஒரே பாடத்தை மூன்று மாதம் கூடுதலாகப் படித்தால் அறிவு வளரும் என்று நினைக்காதே. சிறுநீரகம் இரண்டுதானா என்று சந்தேகம் வர ஆரம்பித்துவிடும். தள்ளிப்போடும்போதெல்லாம் ஒரு மின்னஞ்சல் வரும், "உங்கள் மனநிலையைப் புரிந்துகொள்கிறோம்" என்று. புரிந்துகொண்டவர்கள் ஒரு தேதியைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

விதிமுறை பதினோரு பக்கம். அறையில் ஒருவர்தான் இருக்க வேண்டும். கதவு மூடியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக்கூடக் கிழித்திருக்க வேண்டும். கணினியின் காமிரா போதாதென்று பின்னால் ஒரு போனை வேறு நிறுத்த வேண்டும், என் முதுகும் கதவும் தெரிகிற மாதிரி. போனைச் சாய்த்து வைக்கப் புத்தகம் கூடாதாம். அம்மா போன ஆகஸ்டில் போட்ட தக்காளிச் சாறு பாட்டில் ஒன்றை எடுத்து அதில் சாய்த்தேன். மொத்தம் ஏழு பாட்டில் இருக்கின்றன. நான் திறக்கவில்லை. ஒரு பாட்டில் ஓர் ஆளுக்கு அதிகம்.

இப்போது என் புத்திசாலித்தனத்தைக் கேள். நம் வீட்டு இணையம் பழைய செம்புக் கம்பியில் வருகிறது, மெதுவானது. கீழ்வீட்டு வித்தூச்சாம்மாவிடம் புதிய இணைப்பு இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் முகம் தெரிய வேண்டும் என்று தூரினிலிருந்து மகன் போட்டுக் கொடுத்தது. பெட்டியை மாட்டிக் கொடுத்தவன் நான், கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவளிடம் கேட்காமல் அதையும் சேர்த்துக்கொண்டேன். அவளுடையதில்தான் தேர்வு ஓடும். அது செத்தால் கண் மூடித் திறப்பதற்குள் நம்முடையதற்குத் தாவும். மின்சாரம் போனாலும் இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி வேறு. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து சோதித்தேன். பிசகவே இல்லை.

அதோடு நிற்காமல் கீழே நுழைவாயிலில் ஒரு தாள் ஒட்டினேன்: "வியாழன் காலை 10 முதல் 12 வரை யாரும் இணையத்தைத் தொட வேண்டாம். சத்தம் வேண்டாம். சவீனோ, மூன்றாம் மாடி." மறுநாள் பார்த்தால் யாரோ மேலே பேனாவால் "தயவுசெய்து" என்று சேர்த்திருக்கிறார்கள். வித்தூச்சாம்மாதான். பால்கனியிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, போலீஸ்காரன்கூட தயவுசெய்துன்னு சொல்லித்தான்டா அபராதம் போடறான். உங்கம்மா உனக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தரவே இல்லையா?" என்றாள். எனக்கு நேரமில்லை என்று ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

வியாழக்கிழமை காலை கட்டடத்தில் ஒரு கரண்டிச் சத்தம் கிடையாது. இந்த ஊரில் பால்கனிக்குப் பால்கனி கத்தாமல் காலை பத்து மணி கடந்ததை நான் பார்த்ததே இல்லை. எனக்காகத்தான். ஆனால் காதுக்கு அது ஊரடங்கு போட்ட மார்ச் மாதம் மாதிரியே இருந்தது.

தேர்வுக்கு முன்னால் அறையைக் காமிராவில் சுற்றிக் காட்டச் சொல்கிறார்கள். கண்காணிப்பாளர் ஒரு பெண், பேச்சில் மிலான் வாடை. முகம் காட்ட மாட்டாள், குரல் மட்டும். நான் சுற்றிக் காட்டி முடித்ததும், "பின்னால வலப்பக்கம் இன்னொருத்தங்க இருக்காங்களே, அது யாரு?" என்று கேட்டாள்.

"என் அம்மா" என்றேன்.

"அவங்களைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க."

"மார்ச்லயே போயிட்டாங்க" என்றேன்.

அலமாரி மேல் இருக்கும் படம்தான், நீ பார்த்ததில்லை. கீழே ஒரு சின்ன மின்விளக்கு வைத்திருக்கிறேன், இரவும் பகலும் எரியும். அந்த வெளிச்சத்தில் மங்கலான காமிராவுக்கு ஆள் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண், "மன்னிச்சுக்குங்க. ஆனா படமா இருந்தாலும் எடுத்துடணும். எனக்கு இங்க ரெண்டு பேர்னு காட்டுது" என்றாள். சட்டம் சட்டம்தான், அவளைக் குறை சொல்லவில்லை. படத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் காபிப் பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்தேன். அங்கே விளக்கைச் செருக இடமில்லை. அணைத்தேன். மார்ச்சுக்குப் பிறகு அது அணைந்தது அன்றுதான்.

அறுபது கேள்வி, நூறு நிமிடம். நன்றாகத்தான் போனது அக்கா. உன்னிடம் பெருமையடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆனால் அந்த இரண்டு தோல்வியிலும் இப்படிப் போகவில்லை. பதினொன்று நாலுக்கு நாற்பத்தோராவது கேள்வியில் இருந்தேன். திரை வெளுத்தது. "வேறு இடத்திலிருந்து நுழைவு. ஆள்மாறாட்டச் சந்தேகம். தேர்வு நிறுத்தப்பட்டது." உதவி எண்ணுக்குப் போன் செய்தால் வயலின் வாசிக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிடம் வயலின் கேட்டேன்.

பன்னிரண்டு அடித்ததும் அழைப்பு மணி. வித்தூச்சாம்மா நிற்கிறாள், சமையல் ஏப்ரனுக்குள் இணையப் பெட்டியைக் குழந்தை மாதிரி சுற்றி வைத்துக்கொண்டு. "எப்படிடா எழுதினே? இந்தச் சனியன் நான் தொடாமலே சிமிட்டிக்கிட்டு இருந்துச்சு. உன்னோடதை உறிஞ்சுதோன்னு பயந்து புடுங்கிட்டேன். எல்லாம் உனக்கே வந்திருக்குமே?" என்றாள்.

உனக்குப் புரிந்திருக்கும். அவள் பிடுங்கினாள். என் கணினி சொல்லி வைத்தபடி கண் மூடித் திறப்பதற்குள் நம்முடைய இணைப்புக்குத் தாவியது. கல்லூரிக்காரர்களின் கணக்கில் சவீனோ என்பவன் ஒரு நொடியில் ஒரு வீட்டிலிருந்து மறைந்து இன்னொரு வீட்டில் முளைத்துவிட்டான். நம் பழைய செம்புக் கம்பியை மட்டும் நம்பியிருந்தால் தேர்வு முடிந்திருக்கும். அன்று காலை முழுக்க அது ஒரு விநாடிகூட அறுபடவில்லை, பிறகு பார்த்தேன். ஒன்றும் தெரியாத பையன் எவனாவது இந்த வீட்டில் உட்கார்ந்திருந்தால் அறுபதையும் எழுதியிருப்பான்.

நான் அவளிடம் கத்தினேன். "உங்களை யாரு புடுங்கச் சொன்னது?" என்று. "நீதான்டா. கீழே ஒட்டி வச்சிருக்கியே" என்றாள். உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. ஏன்டா கேக்கலை?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அழுதாள். "என் பேரைப் போட்டு எழுதுடா, கிழவி கெடுத்தான்னு எழுது" என்றாள். நான் ஏன் கேட்கவில்லை? அவளுக்கு விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடப் பொறுமை எனக்குக் கிடையாது. யாரிடமும் கிடையாது. இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுதேர்வு கேட்டு ஒரு படிவம் அனுப்பலாம். காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள்: இணைப்புக் கோளாறு, தேர்வரின் தவறு. கூட வேலை செய்யும் ருஜ்ஜேரோ, "லூசா நீ? லைன் மேல பழியைப் போடு, லைன் வந்து இல்லைன்னு சாட்சி சொல்லப்போகுதா?" என்றான். நான் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டு, நடந்ததை ஒரு பக்கம் எழுதினேன். நல்லவன் என்பதால் இல்லை. இணைப்பில் கோளாறு இல்லை, அவ்வளவுதான். இல்லாத கோளாறை எழுத எனக்கு வராது.

நேற்றுப் பதில் வந்தது. இம்மாதம் இருபத்துமூன்று, வியாழன், காலை பத்து மணிக்கு மறுபடி எழுதலாம். ஒரே இணைப்பு, ஒரே கணினி. இன்னொரு முறை தடைபட்டால் அத்தோடு முடிந்தது. கூடவே கண்காணிப்பு அறிக்கையின் நகலும் வைத்திருந்தார்கள். அதில் ஒரு வரி: "தேர்வர் நான்கு முறை வலப்பக்கம் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவ்விடத்தில் ஒன்றும் இல்லை. எழுத்து மூலம் விளக்கம் தேவை. மறுதேர்வில் இது நிகழ்ந்தால் தேர்வு ரத்தாகும்."

கழுத்து வலி என்று எழுதி அனுப்பிவிட்டேன். இணைப்பு விஷயத்தில் வராத பொய் இதில் வந்துவிட்டது.

விளக்கத்தை உனக்குத் தருகிறேன். கணக்கு இடறினால் நான் அந்தப் பக்கம் திரும்புவேன். பள்ளி நாளிலிருந்து அப்படித்தான். அங்கேதான் அம்மா இஸ்திரி போடுவாள், நீயும் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு படிப்பாய். அம்மாவுக்குக் கணக்கில் ஒன்றும் தெரியாது. "முறைக்காம படிடா" என்பாள். நான் திரும்பிக்கொள்வேன், விடை வந்துவிடும். அன்று நான்கு முறை இடறியது. நான்கு முறையும் அங்கே ஒன்றும் இல்லை. அறிக்கையில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் இருபத்துநாலாம் தேதி போனில் உன்னிடம், "நீ அங்கயே கெட, மத்தவங்க அம்மாவையெல்லாம் நல்லா பாத்துக்க" என்று சொன்னேன். எல்லை மூடியிருந்தது, உன் ஆஸ்பத்திரியில் லீவு கொடுக்கவில்லை, எல்லாம் தெரிந்தேதான் சொன்னேன். நான் உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அம்மா இங்கே ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் நான் அதே ஆஸ்பத்திரியில், இரண்டு மாடி கீழே, மூச்சுக் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுடைய அம்மாக்களுக்குத்தான், உன்னைப் போலவே. மேலே போக அனுமதி இல்லை. ஏதாவது கருவி கெட்டால் மட்டும் போகலாம். அம்மாவின் தளத்தில் எதுவும் கெடவில்லை. ஒன்றாவது கெடட்டும் என்று பதினோரு நாள் காத்திருந்தேன் அக்கா. கெட்டால் மேலே யாருக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே காத்திருந்தேன். இப்படிப்பட்டவன் டாக்டராகலாமா என்று நீதான் சொல்ல வேண்டும், உனக்குத்தான் அந்த இடம் தெரியும்.

புதைக்கும்போது பாதிரியாரும் குழி தோண்டிய இருவரும் நானும் இருந்தோம். ஆறு நிமிடம். அதைப் பற்றிப் பிறகு.

எல்லை இப்போது திறந்திருக்கிறது. ஃபோஜ்ஜா வரை ரயிலில் வந்தால் கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு நானே வருவேன். வழியில் நீ என்னுடன் பேச வேண்டாம். வீட்டிலும் பேச வேண்டாம். நீ வந்தால் ஒரு பாட்டில் திறக்கலாம், இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். வித்தூச்சாம்மாவிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். நான் இல்லாத நேரத்தில் வந்தாலும் கதவு திறக்கும்.

தேர்வு அறையில் யாரும் இருக்கக் கூடாது. ஆனால் பதினோரு பக்கத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன், சமையலறையைப் பற்றி ஒரு வரி கிடையாது. அம்மாவின் படம் இன்னும் அங்கேதான் காபிப் பாத்திரத்தில் சாய்ந்திருக்கிறது. அலமாரிக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை, எப்படியும் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். இருபத்துமூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு நீ சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரிந்தால் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

உன் உடம்புக்கும் உன் வார்டில் இருப்பவர்களுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

வா. தயவுசெய்து. இந்த வார்த்தையை வேறு யாரும் பேனாவால் சேர்க்கவில்லை. நானே எழுதியது.

உன் தம்பி,
சவீனோ