ரிலீவர் வரும்வரை

மைசூர் மைன்ஸ்
11-11-2024

அன்புள்ள ரெபேக்கா,

நானும் நம் மகள் டீனாவும் கர்த்தர் தயவில் இருக்கிறோம். உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் தினமும் ரயிலில் பெங்களூர் வரும் நம் லைன் வீட்டு ஜோஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று ஞாயிறாக நீ வரவில்லை. கேட்டால் ரிலீவர் வரவில்லை என்கிறாய். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் உன்னை மாற்றிவிட இன்னொரு நர்ஸ் கிடையாதா? காதில் பூ சுற்றாதே. நேற்று எமர்ஜென்சிக்கே போன் செய்தேன். ஒரு ஆண் எடுத்தான். "சிஸ்டர் இப்பதான் படுத்தாங்க சார், நான் எழுப்ப மாட்டேன்" என்று வைத்துவிட்டான். நீ படுப்பதும் எழுவதும் அவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? நெருப்பில்லாமல் புகையாது.

உன்
எட்மண்ட்

பெங்களூரு
14-11-2024

அன்புள்ள டீனா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் படித்துக் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பும் வந்தது. போனை எடுத்தவர் ஃப்ரெடி, எங்கள் வார்டு அட்டெண்டர், நம் ஆண்டர்சன்பேட்டைக்காரர். இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு ஸ்டோர் ரூமில் கொஞ்சம் தலை சாய்த்தேன். அவ்வளவுதான்.

இங்கே ஆறு பேர் வேலையை இரண்டு பேர் செய்கிறோம். மற்றவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள், அந்த இடங்களுக்கு யாரையும் போடவில்லை. மேலே வார்டில் பெட் காலியானாலும், பார்க்க நர்ஸ் இல்லை என்று ஆளை எடுத்துக்கொள்வதில்லை. எல்லோரும் எங்களிடமே தேங்கி, வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார்கள். நாங்கள் ஒன்றாகப் போய் சூப்பிரண்டிடம் ஆள் கேட்டிருக்கிறோம்.

மாமா தங்கச் சுரங்க ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் இஞ்சின் ஓட்டியவர். கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்று, ரிலீஃப் வராமல் ஒரு நாளும் எழுந்ததில்லை என்று நீங்கள்தானே பெருமையாகச் சொல்வீர்கள்? என் வேலையும் அதுதான். டீனாவுக்குத் தலையில் பேன் இருக்கும், பாருங்கள்.

அன்புடன்
ரெபேக்கா

மைசூர் மைன்ஸ்
2-12-2024

ரெபேக்கா,

அப்பாவை இதில் இழுக்காதே.

சனிக்கிழமை நான் அங்கே வந்தேன். கண்ணால் பார்க்காமல் மனசு ஆறவில்லை. மாஸ்க் போட்டு, மஃப்ளர் சுற்றி, வயிற்றுவலி என்று வேறு பெயர் கொடுத்துப் படுத்தேன். நீயே வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தாய். கட்டின புருஷன் கை உனக்குத் தெரியவில்லை. அப்புறம் அந்த ஃப்ரெடி டீ நீட்டினான். நின்றபடியே குடித்தாய். அவன் ஏதோ சொல்ல, சிரித்தாய். என்னிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று?

கிறிஸ்துமஸுக்கு வா. வந்தால் என் சந்தேகம் எல்லாம் பொய் என்று நம்புகிறேன். வராவிட்டால் எனக்குப் புரிந்துவிடும்.

எட்மண்ட்

பெங்களூரு
20-12-2024

டீனா அப்பாவுக்கு,

உங்கள் கை எனக்குத் தெரிந்தது. மணிக்கட்டுப் பட்டியில் ராஜப்பா என்று பார்த்ததும் நன்றாகவே தெரிந்தது. பொய் சொல்ல மாமா பெயர்தானா கிடைத்தது?

நீங்கள் படுத்திருந்தது கடைசி ஸ்ட்ரெச்சர். பேத்தமங்களாவிலிருந்து தாயம்மா என்று ஒருவரை மூச்சுத்திணறலோடு கொண்டுவந்தார்கள். வலி குறைந்திருந்தால் இடம் கொடுங்கள் என்று உங்களிடம் வந்து கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முனகினீர்கள். டாக்டர் பார்க்காத நோயாளியை நான் இறக்கிவிட முடியாது. அந்த அம்மாவைத் தரையில் துணி விரித்துப் படுக்கவைத்து, முட்டிபோட்டு உட்கார்ந்து ஆக்சிஜன் கொடுத்தேன். பிழைத்துவிட்டார். இதை உங்கள் கடிதத்தில் எழுதவில்லை.

ஃப்ரெடி சொன்னது என்ன தெரியுமா? "இன்னா சிஸ்டர், அந்த ராஜப்பா வயித்து வலின்னு சொல்லிட்டு உங்களையே பாத்துனுகிறாரு." அதற்குத்தான் சிரித்தேன். அவர் என் புருஷன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு கேவலமாக இருந்தது.

பள்ளி லீவுக்கு டீனாவை ஜோஸோடு அனுப்பிவையுங்கள்.

நாங்கள் விடாமல் கேட்டதில் இரண்டு புது நர்ஸ்கள் சேர்ந்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அன்று எனக்கு ரிலீவர் உண்டு. இருந்தும் நான் வரவில்லை.

ரெபேக்கா